அடுத்த வீட்டுச் சத்தமும் அடுத்திருப்பவர் அன்பும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இரவு பத்தரை மணி. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். அப்போதுதான் மாடி வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி அலறுகிறது. எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. தெருமுனையில் காதுகுத்து விழாவுக்குக் கட்டிய ரேடியோ செட் இன்னும் ஓயவில்லை. புரண்டு புரண்டு படுக்கிறோம். தூக்கம் வரவில்லை, கோபம் வருகிறது. "மனுஷங்களா இவங்க?" என்று வாய் முணுமுணுக்கிறது. சற்று நேரத்துக்கு முன்புதான் குடும்பமாக உட்கார்ந்து இரவுச் செபம் சொல்லி முடித்திருப்போம்.

இது சின்ன விஷயம் அல்ல. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருகிறவர்கள் பகையைப் பற்றிப் பேசும்போது, எங்கோ தூரத்தில் இருக்கும் எதிரியைப் பற்றிச் சொல்வது குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். சொந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாதவருடைய வேதனை உண்மையான வேதனை. அதை 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரே வார்த்தையால் மூடிவிட நாம் விரும்பவில்லை.

நம் விவிலியத்தில் ஒரு அழகான சொல் இருக்கிறது. 'அடுத்திருப்பவர்'. அன்புக் கட்டளை யாரை அன்பு செய்யச் சொல்கிறது? அடுத்திருப்பவரை. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், நமக்கு அடுத்து இருப்பவர். அதாவது அடுத்த வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர், எதிர்ச் சந்துக்காரர். உலகம் முழுவதையும் அன்பு செய்வது எளிது. நள்ளிரவில் கிரைண்டர் போடுகிறவரை அன்பு செய்வதுதான் கடினம்.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். முன்பு ஒரு பங்கில் பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையுமாக நாங்கள் இருவர் பணி செய்தோம். கோவில் கோபுரத்தில் நான்கு திசைக்கும் ஒன்றாக நான்கு கூம்பு ஒலிபெருக்கிகள். காலை ஐந்து மணிக்குப் பக்திப் பாடல் தொடங்கும். ஐந்தரைக்குத் திருப்பலி. அக்டோபர், மே மாதங்களில் அதற்கும் முன்னால் செபமாலை. பத்து நாள் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். பகலிலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஊருக்கே ஆசீர் போய்ச் சேருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு திருவிழாவின் நான்காம் நாள், ஒரு பெண்மணி பங்கு இல்லத்துக்கு வந்தார். கோவிலுக்கு எதிர்ச் சந்தில் குடியிருப்பவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். மருத்துவமனை ஒன்றில் செவிலியர். வாசல் வரை இரண்டு முறை வந்து, பேசத் தயங்கித் திரும்பிப் போனதாகப் பிறகு சொன்னார்.

"ஃபாதர், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இப்போ நைட் டூட்டி. காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சமைச்சு வச்சிட்டு ஒன்பது மணிக்குத்தான் படுப்பேன். நாலு நாளா கண்ணு மூடல. நேத்து ராத்திரி ஒரு நோயாளிக்கு ஊசி மருந்து எடுக்கும்போது கை நடுங்கிச்சு. பயந்துட்டேன். போலீஸ்ல சொல்லுன்னு வீட்ல சொல்றாங்க. கோவில் காரியம், எனக்கு மனசு வரல. அதான் நேர்ல வந்தேன்."

நாங்கள் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "பத்து நாள்தானே அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலைத் திருப்பலி நிறைவேற்ற எங்களால் முடியவில்லை என்று சொல்ல மாட்டோம். நிறைவேற்றினோம். ஆனால் பீடத்தின் முன் நின்றபோது மத்தேயு 5:23-24 நினைவுக்கு வந்து உறுத்தியது. காணிக்கை செலுத்த வரும்போது, நம்மீது ஒருவருக்கு மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு நல்லுறவு செய்துகொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு அவர்மீது மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு நம்மீது இருந்தால் என்கிறார். அந்தச் செவிலியருக்கு எங்கள்மீது மனத்தாங்கல் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் இருவரும் அந்தச் சந்துக்குள் போய் நின்றோம். அத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் நின்று எங்கள் கோவிலைக் கேட்டதே இல்லை. பேசிப் பார்த்தோம், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. பாடலின் சொற்கள்கூடப் புரியவில்லை. வெறும் இரைச்சல்தான் அங்கே வந்து விழுந்தது. கடவுளின் புகழ் என்று நாங்கள் அனுப்பியது, அங்கே போய்ச் சேரும்போது அப்படி ஆகியிருந்தது.

நீதிமொழிகள் 27:14-ஐ வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து உரத்த குரலில் அடுத்திருப்பவருக்கு ஆசி கூறுகிறவனைப் பற்றிய வசனம் அது. அந்த ஆசி சாபமாகவே எண்ணப்படும் என்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே ஞானி இதைக் கண்டுகொண்டார்! ஆமோஸ் இறைவாக்கினரோ, நீதி இல்லாத இடத்தில் எழும் பாடல்களின் இரைச்சலை அகற்றும்படி ஆண்டவரே கேட்பதாக அறிவிக்கிறார் (5:23-24).

நாட்டின் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஏதோ கொஞ்சம் கூடியது என்று நினைக்கக் கூடாது. ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிவிடுகிறது. அப்படியென்றால் எங்கள் ஐந்து மணிப் பாட்டு, பக்தியோடு செய்த விதிமீறல்.

இதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு நம் சென்னையிலிருந்து போனது. குடியிருப்போர் சங்கம் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் பற்றி முறையிட்டது. உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதிக்க, அந்தச் சபை உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அந்த மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது நீதிபதிகள் கண்ட முடிவு. வேறொரு சபைதானே என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நாம் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

இனி எங்கள் பங்கின் கதைக்குத் திரும்புவோம். பங்குப் பேரவையைக் கூட்டினோம். எளிதாக முடிந்துவிடவில்லை. "மத்தவங்க போடுறாங்களே ஃபாதர், நாம மட்டும் ஏன் நிறுத்தணும்?" என்றார் ஒருவர். "இன்னைக்கு ரேடியோவை நிறுத்தச் சொல்வாங்க, நாளைக்கு மணியை நிறுத்தச் சொல்வாங்க" என்றார் இன்னொருவர். அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அன்று இளையோர் மன்றத்துப் பையன் ஒருவன் எழுந்து, "அந்த அக்கா போலீசுக்குப் போகலையே, நம்மகிட்டதானே வந்தாங்க" என்றான். அதற்குப் பிறகு பேச்சின் போக்கு மாறியது.

கூம்பு ஒலிபெருக்கிகளை இறக்கினோம். கோவிலுக்குள் சிறிய பெட்டி ஒலிபெருக்கிகள் வைத்தோம். மூவேளை மணி மட்டும் தொடர்ந்தது. திருவிழா நாள்களில் மாலை வழிபாட்டுக்கு மட்டும் வெளியே ஒலி. பத்து மணிக்கு முன் முடிவு.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மூன்றாம் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தார். பல ஆண்டுகளாகக் கட்டிலில் படுத்தபடியே கோபுரத்து ஒலிபெருக்கியில் திருப்பலி கேட்டு வந்தவர். நாங்கள் போனபோது, "என் கோவிலை நிறுத்திட்டீங்களே சாமி" என்று அழுதார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அன்பியத்தைச் சேர்ந்த ஒரு பெண் தினமும் காலையில் தன் கைப்பேசியிலிருந்து பாட்டி வீட்டுக் கைப்பேசிக்கு அழைத்து, திருப்பலி முழுவதும் கேட்கும்படி செய்தார். சில நாள் சிக்னல் கிடைக்காது. முதல் வெள்ளிக்கு மட்டும் நற்கருணை கொண்டுபோய்க் கொண்டிருந்த நாங்கள், வாரம்தோறும் போகத் தொடங்கினோம். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் எங்களுக்குப் பதிலாக ஒலிபெருக்கி போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்ததால், நாங்கள் போகாமலே இருந்துவிட்டோம். பாட்டிக்குப் பழைய மகிழ்ச்சி முழுவதும் திரும்பியது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர், அவருக்கு என்ன நோய், எதற்காக அவர் செபிக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்பானவர்களே, இன்று நாம் சொல்ல விரும்புவதும் இதுதான். சத்தம் போகிற இடத்துக்கு நாம் நேரில் போக வேண்டும். நம் சத்தம் பிறர் வீட்டுக்குப் போனாலும் சரி, பிறர் சத்தம் நம் வீட்டுக்கு வந்தாலும் சரி, அந்த வாசலுக்கு முதலில் நம் கால்கள் போக வேண்டும்.

சத்தம் வருவது அடுத்த வீட்டிலிருந்து என்றால் என்ன செய்வது? மத்தேயு 18:15-17-இல் ஆண்டவரே வழி சொல்லியிருக்கிறார். முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்கவில்லையென்றால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இணங்கவில்லையென்றால் திருச்சபையிடம் சொல். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறோம். பிறகு தெருவெல்லாம் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கடைசிவரை பேசுவதில்லை. சிலர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறோம். சிலர் பழிக்குப் பழியாக நம் வீட்டுப் பாட்டைக் கூட்டி வைக்கிறோம். அதனால் தெருவுக்குச் சத்தம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

போகும்போது கோபத்தோடு போக வேண்டாம். இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் சண்டைதான் வரும். மறுநாள் மாலை போங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். எந்தச் சத்தம், எந்த நேரத்தில், அதனால் நம் வீட்டில் என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். "அம்மாவுக்கு ரத்த அழுத்தம், பத்து மணிக்கு மேல் டிவியைக் கொஞ்சம் குறைச்சு வைக்க முடியுமா?" என்பதுபோல, அவரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். நாற்காலிக் காலில் ரப்பர் மூடி போட்டால் பாதிச் சத்தம் போய்விடும். துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தினால் அதிர்வு குறையும். அவருக்குத் தன் வீட்டுச் சத்தம் நம் வீட்டில் எப்படிக் கேட்கிறது என்பது பல நேரம் தெரியவே தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தானே இருந்தது!

அவர் கேட்கவில்லையென்றால், இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவரையோ குடியிருப்புச் சங்கத்தாரையோ அழைத்துப் போங்கள். அதுவும் பயனளிக்காவிட்டால் காவல் நிலையத்தில் முறையிடுவது பாவம் அல்ல. நோயாளியும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், கைக்குழந்தையும் இருக்கிற வீட்டைக் காப்பதும் அன்புதான். ஆனால் அது கடைசிப் படி; வெறுப்பில்லாமல் ஏற வேண்டிய படி.

குறைக்கக் கூடிய சத்தமும் உண்டு, குறைக்க முடியாத சத்தமும் உண்டு. பச்சைக் குழந்தையின் அழுகை, முதியவரின் இருமல், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையின் கூச்சல் ஆகியவற்றைக் குறைக்கப் பொத்தான் கிடையாது. அந்த வீட்டார் ஏற்கெனவே வெட்கத்தோடும் களைப்போடும் இருக்கிறார்கள். அங்கே முறையிடப் போகக் கூடாது. உதவி வேண்டுமா என்று கேட்கப் போக வேண்டும்.

இன்னொரு வகைச் சத்தமும் இருக்கிறது. எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் இயேசுவை நோக்கிக் கத்தினார் (மாற்கு 10:46-52). சுற்றியிருந்தவர்களுக்கு அது தொல்லையாகப் பட்டது. வாயை மூடச் சொல்லி அதட்டினார்கள். இயேசு நின்றார். கூட்டத்துக்கு இரைச்சலாகக் கேட்டது, அவருக்குக் கூக்குரலாகக் கேட்டது.

2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி மற்றொரு விரிவான தீர்ப்பை வழங்கியது. அந்த வழக்குக்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு துயரச் செய்தி. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். உதவி கேட்டுக் கத்தினாள். அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இரைச்சலின் மிகப் பெரிய கேடு இதுதான். அடுத்திருப்பவரின் கூக்குரல் நம் காதில் விழாமல் அது தடுத்துவிடுகிறது.

ஆகவே அடுத்த வீட்டில் ஒரு பெண் அடிபடும் சத்தமோ, ஒரு குழந்தை அஞ்சி அலறும் சத்தமோ கேட்டால், "அது அவங்க குடும்ப விஷயம்" என்று சன்னலைச் சாத்தாதீர்கள். கதவைத் தட்டுங்கள். தனியாகப் போக அச்சமாக இருந்தால் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசர உதவிக்கு 112 என்ற எண்கள் இருக்கின்றன. சத்தம் தாங்காமல் புகார் செய்ய நூறு பேர் இருக்கிறோம். சத்தம் கேட்டு ஓடிப்போக ஒருவராவது வேண்டும்.

இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். ஒன்று, இன்று இரவு பத்து மணிக்கு நம் வீட்டு வாசலுக்கு வெளியே வந்து நின்று, நம் வீட்டை வெளியிலிருந்து கேட்போம். இரண்டு, நமக்கு இடமும் வலமும், மேலும் கீழும் குடியிருப்பவர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். பெயர் தெரிந்தவரோடு சண்டை போடுவது கொஞ்சம் கடினம். மூன்று, யாரோடாவது சத்தத்தால் பேச்சு நின்று போயிருந்தால், இந்த ஞாயிறு திருப்பலிக்கு முன் அவர் வாசலுக்குப் போய்வருவோம். பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதியது (4:26) நமக்கும்தான்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில், சப்பரம் அந்த எதிர்ச் சந்துக்குள் நுழைந்தது. செவிலியர் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்து, பெரிதாகக் கோலம் போட்டிருந்தார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. இரவுப் பணிக்குப் புறப்படும் உடையில் அவர் கைகூப்பி நின்றார். முந்தைய ஆண்டு கைகூப்பிவிட்டுப் போன அதே கைகள்.

செபிப்போம். அமைதியின் ஆண்டவரே, எலியாவுக்கு மென்மையான ஒலியில் உம்மை வெளிப்படுத்தினீர். எங்கள் வீடுகளிலும் கோவில்களிலும் எழும் தேவையற்ற இரைச்சலை நாங்களே அடக்க எங்களுக்குப் பணிவைத் தாரும். தூக்கமின்றித் தவிப்போருக்கு இளைப்பாற்றி தாரும். இரவெல்லாம் விழித்திருந்து பிறருக்காக உழைப்போரைக் காத்தருளும். அடுத்திருப்பவரின் குரலைக் கேட்கும் செவிகளையும், அவர் வாசலுக்குப் போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.